வாழைப்பழ வாசனை

நாலரை மணி. முதுநகர் போர்வெல் தண்ணீர்
சோப்பை நுரைக்க விடாது.
நேற்றைய பிளேடு.
நேற்றையது என்பது மரியாதைக்கு;
அது போன வாரச் செவ்வாய்க்கிழமையினுடையது.

குடிகாடு போகிற கம்பெனி பஸ்
ஐந்து பத்துக்கு ஹாரன் அடிக்கும்.
தாடையை அண்ணாந்து பிடித்து
கீழிருந்து மேலாக இழுப்பேன்,
மீன்காரி செதில் சீவுகிற வேகத்தில்.

எங்கள் பிளான்ட்டில் மீசை வைக்கலாம்,
மாஸ்க்கின் ரப்பர் விளிம்புக்குள் அடங்கினால்.
தாடி கூடாது.
ஒரு முடி கிடக்கிற சந்தில்
ஒரு மூச்சு வாயு நுழையும் என்பார்
பாதுகாப்பு அதிகாரி நப்பின்னை.
வருடத்துக்கு ஒருமுறை
மாஸ்க் போட்ட தலைமேல் ஒரு பையைக் கவிழ்த்து
உள்ளே எதையோ தெளிப்பார்.
வாழைப்பழம் மணந்தால் ஓட்டை.
ஒன்றுமே மணக்காவிட்டால்
போய் வேலையைப் பார்.

எனக்கு ஒருமுறையும் மணந்ததில்லை.
தேர்வில் நான் பாஸ், கழுத்து ஃபெயில்.
கேழ்வரகை அள்ளி எறிந்த மாதிரி
தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாய்.
அதன்மேல்தான் ரப்பர் உட்காரும்,
அதன்மேல்தான் எட்டு மணி நேர வியர்வை இறங்கும்.
ஷிப்ட் முடிந்து பஸ் ஜன்னலில் சாய்ந்தால்
கடல்காற்று வந்து
மிச்சமிருக்கிற உப்பையும் தேய்த்துவிட்டுப் போகும்.

வாசனை லோஷன் போட்டேன்.
கண்ணில் தண்ணீர், வாயில் கெட்ட வார்த்தை.
படிகாரக் கல் உருட்டினேன்.
பவுடர் அப்பியதில்
இட்லித் துணி போல வெளுத்துத் திரிந்தேன்.

முதலுதவி அறை செலின் சிஸ்டர்
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“முடி எந்தப் பக்கமா வளருதுன்னு
தடவிப் பார்த்திருக்கீங்களா சார்?”

நாற்பத்தொரு வயது.
ஊரில் எந்தச் சந்து எங்கே திரும்பும் என்று தெரியும்.
கழுத்தில் தெரியாது.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுத் தடவினேன்.
கன்னத்தில் நேராகக் கீழே.
வலது தாடையில் சற்றே சாய்ந்து.
இடது கழுத்தில் மட்டும்
கடலைப் பார்க்காமல் ஊரைச் சுற்றுகிற கெடிலம் மாதிரி
வளைந்து, நெளிந்து, காதைப் பார்த்து.
இத்தனை வருடம் ஓர் ஆற்றை
எதிர்த்து நீந்தியிருக்கிறேன், அதுவும்
மொண்ணைத் துடுப்போடு.

இப்போது நாலு மணிக்கே எழுகிறேன்.
சுடுதண்ணீரில் நனைத்த துண்டு, தாடையில் இரண்டு நிமிடம்.
கேன் தண்ணீரில் ஒரு டம்ளர், நுரைக்கு.
“குடிக்கிற தண்ணியில தாடிக்குக் குளியலா”
என்று சமையலறையிலிருந்து வரும்.
புது பிளேடு. அழுத்துவதில்லை.
ஆறு எப்படிப் போகிறதோ அப்படி.
ரப்பர் படுகிற விளிம்பில் மட்டும்
இன்னொரு தடவை, குறுக்கே, மெல்ல.
பிறகு பச்சைத் தண்ணீர். ஒற்றி எடுக்கிறேன், தேய்ப்பதில்லை.
பெயின்ட் வாளியில் நிற்கிற சோற்றுக் கற்றாழையில்
விரல் நீளம் ஒரு துண்டு.

கேழ்வரகு உதிர மூன்று வாரமானது.
இரண்டு மூன்று இன்னும் இருக்கின்றன. இருக்கட்டும்.

ஆண்டுப் பராமரிப்புக்கு பிளான்ட்டை நிறுத்தினார்கள்.
நான்கு நாள் முகத்தைத் தொடவில்லை.
ராஜா மாதிரி இருந்தது.
ஐந்தாம் நாள் காலை செங்கமலம்
கண்ணாடி முன் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சிவப்புச் சிவப்பாய்.
என் கழுத்தில் இருந்ததெல்லாம்
வீடு மாறி வந்திருக்கிறது.
“உப்புத்தாளை வெச்சுத் தேச்ச மாதிரி”
என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நான் ஒன்றும் சொல்லாமல்
வாளிக்குப் போய் இன்னொரு துண்டு அறுத்து வந்தேன்.
குளிர்ச்சி பட்டதும்
அவள் கண் தானாக மூடிக்கொண்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு
சின்னவன் பூவன் பழம் உரித்தான்.
அறை முழுக்க மணந்தது.
என் இரண்டு கைகளும்
என்னைக் கேட்காமலேயே தாடைக்குப் போய்
இல்லாத ரப்பரை அழுத்திப் பார்த்தன.

“உனக்கு வேணுமாப்பா” என்றான்.